செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது? பிரவுசரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நடப்பு நிகழ்வுகள் படிக்கிறோம். பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு தங்கை ஒருநாள் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டும் ஓசூர் விமான நிலையம் பற்றிய செய்தி. வெவ்வேறு இணையதளங்களிலிருந்து பிரிண்ட் எடுத்திருந்தாள். ஒன்றைப் படித்தால் அடுத்த வருஷமே ஓசூரில் விமானம் ஏறிவிடலாம் என்று தோன்றும். இன்னொன்றைப் படித்தால் இது நடக்கவே நடக்காது என்று தோன்றும்.

"அண்ணா, இதுல எது பொய்யுங்க?"

இரண்டையும் வரி வரியாகப் பார்த்தோம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. முதல் செய்தியில் இருந்தது, 2024 ஜூன் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் அறிவித்தது: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள். இரண்டாவதில் இருந்தது, பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நிபந்தனை. அந்த நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள், சில விதிவிலக்குகள் தவிர, 2033 வரை வேறு பன்னாட்டு விமான நிலையம் வரக்கூடாது. ஓசூர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. முதல் செய்தியில் 150 என்ற எண்ணே இல்லை. இரண்டாவதில் 2,000 ஏக்கர் இல்லை.

செய்தியில் சாய்வு பெரும்பாலும் இப்படித்தான் வரும். பொய் சொல்ல வேண்டியதே இல்லை, பாதியை விட்டுவிட்டால் போதும். விட்டுப்போன பாதியைத் தேடி எடுக்கத் தேவையான கருவிகள் உங்கள் பிரவுசருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நாங்கள் செய்கிற முறையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். முதல் இரண்டு மூன்று தடவை கணினியில் செய்து பழகுங்கள். கை பழகிய பிறகு போனுக்குப் போகலாம்.

எக்ஸ்டென்ஷனில் தொடங்க வேண்டாம்

இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பலர் நேராக எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்னச் செயலி) தேடுகிறார்கள். கிரவுண்ட் நியூஸ், மீடியா பயஸ் ஃபேக்ட் செக், நியூஸ்கார்டு என்று சில இருக்கின்றன. ஆல்சைட்ஸ் என்ற தளமும் இதே வகை. ஒரு செய்தித் தளம் இடதா, நடுவா, வலதா என்று அடையாளம் காட்டுவது இவற்றில் பெரும்பாலானவற்றின் வேலை. நியூஸ்கார்டு மட்டும் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போடும். ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்கச் செய்தி படிக்கிறவர்களுக்கு இவை உதவும்.

நமக்குப் போதாது. தமிழ்த் தளங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல்களில் இல்லை. இருந்தாலும் அந்த அளவுகோல் அமெரிக்க அரசியலுக்காகச் செய்தது. இட ஒதுக்கீட்டை ஆதரிக்கிற, தனியார் தொழிற்சாலையை வரவேற்கிற, கோயில் கும்பாபிஷேகத்தை முதல் பக்கத்தில் போடுகிற ஒரு தமிழ் ஏட்டை இடது என்பீர்களா, வலது என்பீர்களா? நம் ஊர்ச் செய்தி திமுக, அதிமுக என்று சாயலாம். சென்னை, டெல்லி என்று சாயலாம். சாதியால் சாயலாம். காவிரி என்று வந்துவிட்டால் கட்சியே காணாமல் போய், தமிழ்நாடு, கர்நாடகா என்று சாயும். இவ்வளவையும் இடது வலது என்ற ஒரே கோட்டில் அடைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அடையாளம் தளத்துக்குத்தான், கட்டுரைக்கு இல்லை. மாங்காய் விலையைப் பற்றி நேர்மையாக எழுதும் அதே ஏடு தேர்தல் வந்தால் ஒரு பக்கம் சாயலாம்.

எப்படியும் ஒன்றைப் போட்டுப் பார்க்க ஆசை என்றால் பாருங்கள். ஆனால் நிறுவும்போது "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால், அதற்கு உங்கள் வங்கிப் பக்கமும் அடக்கம். குரோமில் மேலே புதிர்த்துண்டு போன்ற படம் இருக்கும். அதைத் தொட்டு, அந்த எக்ஸ்டென்ஷன் நீங்கள் சொடுக்கினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றி வைத்துவிடுங்கள்.

படி 1: செய்திக்கென்று தனி புரொஃபைல்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் புதிய புரொஃபைல் உருவாக்கலாம். "செய்தி" என்று பெயர் வைத்து, அதில் உங்கள் ஜிமெயிலைப் போடாமல் விடுங்கள். நீங்கள் நாள்தோறும் எதைச் சொடுக்குகிறீர்களோ அதே மாதிரிச் செய்தியைத்தான் உங்கள் கணக்கு மேலே கொண்டுவந்து காட்டும். ஆய்வுக்கு உட்காரும்போது அந்தப் பழக்கம் குறுக்கே வரக்கூடாது. அவசரத்துக்கு இன்காக்னிடோ ஜன்னலும் போதும்.

படி 2: மேக்கப்பைக் கழற்றுங்கள்

சிவப்புப் பட்டை, ஆச்சரியக்குறி, கோபமாகக் கை நீட்டும் தலைவர் படம், நடுநடுவே விளம்பரம். இவையெல்லாம் படிப்பதற்கு முன்பே நம்மை ஒரு மனநிலைக்குக் கொண்டுபோய்விடும். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் செய்தியைத் திறந்துகொண்டு எஃப்9 பட்டனை அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் நிற்கும். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, அதில் மோர் டூல்ஸ், அதற்குள் ரீடிங் மோட். எஃப்9 வேலை செய்யாத பக்கமும் உண்டு. அப்போது விட்டுவிடுங்கள், அடுத்த படிக்குப் போகலாம்.

இப்போது தலைப்பை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு முழுச் செய்தியையும் படித்துவிட்டு, நீங்களாக ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: யார் வீட்டுச் செய்தி?

முரசொலி திமுகவின் ஏடு. தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியினுடையது, ஜனசக்தி இந்திய கம்யூனிஸ்ட் கட்சியினுடையது. விடுதலை திராவிடர் கழகத்தினுடையது. நமது அம்மா அதிமுகவுக்காகத் தொடங்கப்பட்டது. இவை தங்கள் கட்சியை மறைப்பதில்லை, அதனால் இவற்றைப் படிப்பது சுலபம். கட்சியின் நிலைப்பாடு என்ன என்று தெரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல இடம் கிடையாது என்றே சொல்வேன்.

கட்சிப் பெயர் இல்லாத நிறுவனங்களில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். சன் குழுமத்தின் கலாநிதி மாறன், முரசொலி மாறனின் மகன். புதிய தலைமுறை தொலைக்காட்சி எஸ்ஆர்எம் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தை நிறுவிய பாரிவேந்தர்தான் இந்திய ஜனநாயகக் கட்சியையும் தொடங்கியவர். நியூஸ்18 தமிழ்நாடு ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. உரிமையாளர் இன்னார் என்பதாலேயே ஒரு செய்தி சாய்வு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தெந்த விஷயத்தில் கூடுதலாக உற்றுப் பார்க்க வேண்டும் என்று இது சொல்லும், அவ்வளவுதான். தெரியாத தளமாக இருந்தால் கூகுள் தேடல் முடிவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரியும்.

படி 4: கன்ட்ரோல் எஃப் வைத்து எண்ணுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது. கன்ட்ரோல் பட்டனோடு எஃப் அழுத்தினால் தேடல் பெட்டி வரும். ஒரு சொல்லைப் போட்டால் பக்கத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று காட்டும். தமிழ் தட்டச்சுத் தெரியாவிட்டால் கட்டுரையில் உள்ள சொல்லையே காப்பி எடுத்துப் பெட்டியில் ஒட்டுங்கள்.

முதலில் கட்சிப் பெயர்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, எல்லாரும் விழுகிறார்கள். "திமுக" என்று தேடினால் "அதிமுக"வும் "மதிமுக"வும் சேர்ந்து எண்ணிக்கையில் வந்துவிடும். "அதிமுக" தனியாக, "மதிமுக" தனியாக எண்ணிக் கழித்துவிடுங்கள். முழுச் சொல்லாகத் தேடும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. ஆனால் அதைப் போட்டால் "திமுகவின்", "திமுகவுக்கு" எல்லாம் விட்டுப்போகும். தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எதைத் தேடினாலும் அடிச்சொல்லை மட்டும் போடுவதே நல்லது. புள்ளி வைத்து "தி.மு.க." என்று எழுதும் தளமும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் பேசுகிறார்கள்? "என்றார்", "கூறி", "தெரிவித்" என்று ஒவ்வொன்றாகத் தேடி, வரும் இடத்திலெல்லாம் பேசியது யார் என்று எழுதுங்கள். அமைச்சர் 4, கலெக்டர் 2, எதிர்க்கட்சி 1, ஊர்க்காரர் 0 என்று ஒரு கணக்கு வரும். அந்த சைபரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில் நடந்தது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சந்தனக் கட்டை தேடப் போனோம் என்பது அதிகாரிகள் தரப்பு. ஊர்ப் பெண்கள் சொன்னது வேறு: வந்த அதிகாரிகள் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்றார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் சொன்னது உண்மை என்று நீதிமன்றம் சொல்ல 19 வருஷம் ஆனது. அதிகாரி மட்டுமே பேசும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் ஞாபகத்துக்கு வரும்.

பேசுகிறவரின் வினைச்சொல்லையும் பாருங்கள். ஒருவர் "விளக்கமளித்தார்", இன்னொருவர் "மழுப்பினார்". ஒருவர் "சுட்டிக்காட்டினார்", இன்னொருவர் "புலம்பினார்". ஒருவர் "பதிலடி கொடுத்தார்", இன்னொருவர் "சீண்டினார்". இரண்டு பேரும் மைக் முன்னால் பேசத்தான் செய்தார்கள். "கூறினார்" என்று எழுதினாலே போதும் என்கிற இடத்தில் வேறு சொல் வந்திருந்தால் அதைத் தாளில் தனியாகக் குறியுங்கள். எந்தக் கட்சிக்காரருக்கு எந்தச் சொல் என்று நான்கு செய்தி பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

மரியாதை விகுதியும் ஒரு தடயம். தொழிலதிபர் "வந்தார்", கைதான கூலித் தொழிலாளி "வந்தான்". குற்றம் இரண்டு பேர் மீதும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஒரு "ஆன்" விகுதியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பெயர் வைப்பதிலும் நிலைப்பாடு இருக்கும். "ஒன்றிய அரசு" எத்தனை, "மத்திய அரசு" எத்தனை என்று எண்ணுங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு "ஒன்றிய அரசு" என்று எழுதத் தொடங்கியது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. அதே சமயம் "மத்திய அரசு" என்பது பல காலமாகப் பழகிய சொல். வெறும் பழக்கத்தால் எழுதுகிறவர்களும் நிறையப் பேர். ஆகவே இந்த ஒரு சொல்லை வைத்து யாரையும் முத்திரை குத்தாதீர்கள், மற்ற தடயங்களோடு சேர்த்துப் பாருங்கள். "திராவிட மாடல்" என்பது மேற்கோள் குறிக்குள் வருகிறதா, குறி இல்லாமல் வருகிறதா என்பதும் இதே வகைத் தடயம்.

"மோதல்" என்ற சொல்லை மட்டும் நான் சாதாரணமாக விடமாட்டேன். மோதல் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்று பொருள். 2012 நவம்பர் 7 அன்று நம் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பெயர் மோதல் இல்லை, தாக்குதல். சாதி தொடர்பான எந்தச் செய்தியைத் திறந்தாலும் இந்த இரண்டு சொல்லையும் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, செயலைச் செய்தது யார்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சுலபம், அதனால் ஒளித்து வைப்பதும் சுலபம். கிருஷ்ணகிரி மாங்காயை வைத்து நானே மூன்று தலைப்பு எழுதுகிறேன். "மாங்காய் விலை சரிந்தது" என்றால் யாருக்கும் பொறுப்பில்லை, மழை பெய்தது மாதிரி. "மாங்கூழ் ஆலைகள் விலையைக் குறைத்தன" என்றால் ஆலை. "அரசின் அலட்சியத்தால் மாங்காய் விலை வீழ்ச்சி" என்றால் அரசு, ஆனால் எந்த அரசு என்பதைக் கீழே போய்த்தான் தேட வேண்டும். பெங்களூரா மாங்காயைத் தோப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் விவசாயிக்கு மூன்றும் ஒரே செய்திதான். படிக்கிறவருக்கு மூன்றும் வேறு.

"ப்பட்டது", "ப்படவில்லை" என்று தேடுங்கள். வருகிற ஒவ்வோர் இடத்திலும் "யாரால்?" என்று கேளுங்கள். பதில் கட்டுரையிலேயே இருந்தால் சரி. இல்லாவிட்டால் குறித்து வையுங்கள்.

தேடல் சில பக்கங்களில் ஒன்றும் காட்டாது. செய்தியைப் படமாகப் போடும் இ-பேப்பராக இருக்கும். அப்போது படத்தின் மேல் வலது சொடுக்கிட்டு கூகுள் லென்ஸில் திறந்தால், எழுத்தைப் பிரித்துக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். பழைய பக்கங்களில் "கொ", "கோ" போன்ற எழுத்துகள் வேறு முறையில் பதிவாகியிருந்தால் தேடலில் சிக்காமல் போகும். அதற்காகவும்தான் கட்டுரையிலிருந்தே காப்பி எடுக்கச் சொன்னேன்.

படி 5: பெயரை மாற்றிப் படியுங்கள்

எங்கள் அறையில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த படி இது. கட்டுரையைக் காப்பி எடுத்து வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ ஒட்டுங்கள். கன்ட்ரோல் எச் அழுத்தினால் ஒரு சொல்லை மொத்தமாக இன்னொரு சொல்லாக மாற்றலாம். ஒழுங்கு முக்கியம்: முதலில் "அதிமுக"வை எல்லாம் "கட்சி அ" ஆக்குங்கள், பிறகு "திமுக"வை "கட்சி ஆ" ஆக்குங்கள். தலைகீழாகச் செய்தால் எல்லாம் குழம்பிவிடும். மதிமுக இருந்தால் அதையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். தலைவர்கள் பெயரையும் அப்படியே.

மாற்றிய கட்டுரையை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று அவர் பாதியிலேயே சொல்லிவிட்டால் அது சாய்ந்த கட்டுரை. பிறகு பெயர்களை இடம் மாற்றிப் போட்டு நீங்களே ஒருமுறை படியுங்கள். சரி என்று தலையாட்டிய வாக்கியம் ஒன்று, கட்சி மாறியதும் உறுத்தும். அது உங்கள் சாய்வு. எனக்கும் உறுத்தியது.

படி 6: இரண்டு ஜன்னல்

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி வேறு வேறு வீட்டுச் செய்தி இரண்டை எடுங்கள். ஒன்றைத் திறந்து விண்டோஸ் பட்டனோடு இடது அம்புக்குறி, இன்னொன்றைத் திறந்து விண்டோஸ் பட்டனோடு வலது அம்புக்குறி. இரண்டும் பக்கம் பக்கமாக வந்து நிற்கும்.

ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். நடுவில், இரண்டிலும் உள்ள தகவல். இடப்பக்கம், முதல் செய்தியில் மட்டும் உள்ளது. வலப்பக்கம், இரண்டாவதில் மட்டும் உள்ளது. பென்னாகரத்துத் தங்கை ஓசூர் செய்திக்கு இப்படிப் போட்டபோது நடுவில் ஒரே வரிதான் விழுந்தது: அரசு அறிவித்திருக்கிறது, இடம் ஓசூர். மற்றதெல்லாம் இரண்டு ஓரங்களில் நின்றது. ஓரங்களில் நிற்கும் ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இன்னொரு பக்கம் ஏன் இதை விட்டது என்று கேட்டோம். இடம் போதாமல் விட்டிருக்கலாம். விட்டால் கதை நன்றாக ஓடும் என்பதாலும் விட்டிருக்கலாம். ஒரு தடவையை வைத்துச் சொல்ல முடியாது. அதே தளம் அதே விஷயத்தில் மூன்றாவது முறையும் அதே தகவலை விட்டால் சொல்லலாம்.

குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட ஒரு வழி உண்டு. கூகுளில் தேட வேண்டிய சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் சைட் என்ற சொல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டித் தளத்தின் முகவரி. நடுவில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

படி 7: தேதியைப் பின்னுக்குத் தள்ளுங்கள்

கூகுளில் தேடிய பிறகு டூல்ஸ் என்பதைத் தொட்டு, எனி டைம் என்பதில் கஸ்டம் ரேஞ்ச் போனால் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று வரையறுக்கலாம். "தருமபுரி மொரப்பூர் ரயில்" என்று போட்டு, வருஷம் வருஷமாகப் பாருங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை முன்பு ஓடிய ரயில் 1941இல் நின்றுபோனது. மொரப்பூரையும் தருமபுரியையும் மறுபடி இணைக்கும் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த மாதம், ஏப்ரல் 18 அன்று, தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். ஒவ்வொரு வருஷச் செய்தியிலும் நன்றி யாருக்குப் போகிறது, தாமதத்துக்குப் பழி யார் மேல் விழுகிறது என்று எழுதி வாருங்கள். ரயில் பாதை ஒன்றுதான். நன்றிக்கு உரியவர் மட்டும் தளத்துக்குத் தளம் மாறுவார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அதற்காக வந்த திட்டம். 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013இல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார், பணம் பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா கொடுத்த கடன். இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லும் செய்தி எத்தனை என்று தேடிப் பாருங்கள். "ஜப்பான்" என்று கன்ட்ரோல் எஃப் போட்டாலே ஒரு பதில் கிடைக்கும்.

படி 8: எல்லைக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள்

இது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு வாய்த்த வசதி. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே நம் பக்கம்தான். பிலிகுண்டுலுவில் அளக்கும் தண்ணீர்தான் இரண்டு மாநிலங்களுக்கும் கணக்கு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுவர் மன்றம் சொன்ன 192 டிஎம்சி, 177.25 ஆனது. "தமிழ்நாட்டுக்கு 14.75 டிஎம்சி குறைப்பு" என்று எழுதினால் உண்மை. "கர்நாடகாவுக்குக் கூடுதலாக 14.75" என்றாலும் உண்மை. "பெங்களூருக்குக் குடிநீர்" என்றாலும் உண்மை, ஏனென்றால் அதில் 4.75 டிஎம்சி அந்த நகரத்துக்கு. தீர்ப்பு ஒன்று, தலைப்பு மூன்று.

தமிழில் எல்லாக் கட்சி ஏடும் ஒரே மாதிரி எழுதும் விஷயங்களில் உள்ளூர்ச் சாய்வு நம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது ஒரு கன்னடச் செய்தித் தளத்தைத் திறந்து, குரோமில் வலது சொடுக்கிட்டு, தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: இயந்திர மொழிபெயர்ப்பில் மரியாதையும் கோபமும் கிண்டலும் தட்டையாகிவிடும். தொனியை அதை வைத்து எடைபோடாதீர்கள். என்ன தகவல் இருக்கிறது, எது முதலில் வருகிறது, எது இல்லை என்று மட்டும் பாருங்கள். தொனி தெரிய வேண்டும் என்றால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் கன்னடம் படிக்கத் தெரிந்த நண்பர் யாராவது இருப்பார், தலைப்பை அனுப்பி விசாரியுங்கள்.

படி 9: மாறிய தலைப்பு, பழைய படம்

செய்தியின் தலைப்பைக் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் மாற்றுவது உண்டு. மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். பல தளங்களில் முதலில் வைத்த தலைப்பு ஆங்கில எழுத்தில் முகவரிக்குள் அப்படியே தங்கிவிடும். இன்னும் உறுதியாகப் பார்க்க வேபேக் மெஷின் இருக்கிறது. 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவின் சேவை, இலவசம். செய்தியின் முகவரியை ஒட்டினால், அந்தப் பக்கம் சேமிக்கப்பட்ட நாள்கள் காலண்டரில் தெரியும். சேஞ்சஸ் என்ற பகுதியில் இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தால் எது நீங்கியது, எது சேர்ந்தது என்று நிறம் போட்டுக் காட்டும். முக்கியமான செய்தி என்று தோன்றினால் சேவ் பேஜ் நவ் கொடுத்து நீங்களே சேமித்து வைக்கலாம்.

படங்களுக்கு, வலது சொடுக்கு, கூகுள் லென்ஸ். டின்ஐ என்ற தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். 2021 சட்டமன்றத் தேர்தல் சமயம் ஒரு பெரிய கூட்டத்தின் படம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நம் பக்கத்துக் கூட்டம் என்று போட்டிருந்தார்கள். நானும் சந்தோஷமாக நான்கு குழுவுக்கு அனுப்பினேன். இரவு லென்ஸில் போட்டால், அது சில வருஷங்களுக்கு முன்பு வேறு மாநிலத்தில் நடந்த கூட்டம். நான்கு குழுவிலும் தவறு என்று எழுதினேன். அதற்குள் எத்தனை பேர் அதை முன்னே அனுப்பினார்களோ, அதைத் திரும்பப் பெற வழியில்லை. அதிலிருந்து, மனதுக்குப் பிடித்த படமாக இருந்தால் முதலில் லென்ஸில் போட்டுவிடுகிறேன்.

படி 10: மூலத்துக்குப் போங்கள்

செய்தியில் "அரசு அறிக்கை" என்று வந்தால் அந்த அறிக்கையையே எடுங்கள். மத்திய அரசினுடையது பிஐபி என்ற பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். மாநில அரசினுடையது செய்தி மக்கள் தொடர்புத் துறையின் வெளியீடுகளில். நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் சன்சத் என்ற தளத்தில் இருக்கின்றன. நம் தொகுதி எம்பி கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுத்தில் என்ன பதில் சொன்னார் என்பதை எந்த நிருபரும் நடுவில் இல்லாமல் படிக்கலாம். அறிக்கையும் ஒரு தரப்பின் குரல்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அந்தத் தரப்பு உண்மையில் என்ன சொன்னது என்பதில் பிறகு சந்தேகம் இருக்காது.

போன் மட்டும் இருந்தால்

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு ஃபைன்ட் இன் பேஜ் போனால் அதுதான் கன்ட்ரோல் எஃப். இரண்டு ஜன்னலுக்குப் போனின் ஸ்ப்ளிட் ஸ்கிரீனைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போடலாம், போனில் உள்ள குரோம் அதை ஏற்காது. பெயர் மாற்றும் படியை மட்டும் கணினி கிடைக்கும்போது செய்யுங்கள், போனில் கை வலித்துவிடும்.

எல்லாச் செய்திக்கும் பத்துப் படியும் ஏற வேண்டாம், அப்படிச் செய்தால் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது. நாள்தோறும் ஒரு செய்திக்கு 4ஆம் படி. வாரம் ஒரு செய்திக்கு 6ஆம் படி. எதையாவது யாருக்காவது அனுப்பத் தோன்றினால் 9ஆம் படி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தளம், என்ன விட்டுப்போனது என்று ஒரு வரி எழுதி வாருங்கள்.

போன ஞாயிறு அந்தத் தங்கையின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், எனக்குப் பிடித்த தளம் ஒன்றின் பெயருக்கு நேரே மூன்று தேதிகள், மூன்றிலும் "150 இல்லை" என்று இருந்தது. "அண்ணா, நீங்க படிக்கிற தளந்தானுங்களே இது?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மூன்றையும் மறுபடி திறந்தோம்.